பால்மாற்று சிகிச்சையும் கைக்காசும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

திருநர்கள் தங்கள் பாலினத்துக்கேற்ப உடலை மாற்றிக்கொள்ளும் சிகிச்சை பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றித்தான். காப்பீடு உள்ளவர்களும் எழுதியிருக்கிறார்கள், இல்லாதவர்களும் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டேன். டோஸ் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது, அது உங்களை நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்ல வேண்டியது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? அவசரம், உடனே பதில் போடவும்.

எதற்கு எவ்வளவு? ஹார்மோனுக்கா, மார்பு அறுவைக்கா, பிறப்புறுப்பில் செய்யும் கீழ் அறுவைக்கா, முடி நீக்கத்துக்கா, குரல் பயிற்சிக்கா? ஒன்றுமே சொல்லாமல் மொத்தம் கேட்டால் நான் எந்தக் கணக்கைப் போடுவது? எல்லோரும் எல்லாவற்றையும் செய்துகொள்வதில்லை, ஹார்மோனோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது ஒரு தடவைச் செலவா, ஆயுள் முழுக்க வரும் செலவா என்று குறியுங்கள். மாதம் கொஞ்சமாகப் போவதைப் பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அப்புறம் கேளுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விலை கட்டுப்படியாகவில்லை. தோழி ஒருத்தி கருத்தடை மாத்திரை போதும் என்கிறாள், அதுவும் ஈஸ்ட்ரோஜன்தானே?

வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து அதில் அதிகம் என்பதால், பால்மாற்று சிகிச்சைக்கு அதைத் தவிர்க்கச் சொல்லித்தான் முக்கிய மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மருத்துவரிடம் பிராண்டு பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்ட்ரடயால் வேலரேட் என்று எழுதினால் ஜெனரிக்கில் வாங்கலாம். நீங்கள் சிகரெட் பிடிப்பவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்தினால் ரத்தக் கட்டு ஆபத்தும் குறையும், மாத்திரைக்குக் காசும் வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று உயிரை வாங்குகிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், ரத்தப் பரிசோதனையில் கைவைக்காதீர்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, இதயத்துடிப்பு தடுமாறும்போதுதான் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறி ரத்தம் கெட்டியாவதும் அப்படித்தான். மூன்று மாதக் கணக்கு பொதுவாக முதல் வருடத்துக்குத்தான், எல்லாம் சீராக இருந்தால் அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். அந்த முதல் வருடத்தைத் தாண்டிவிடுங்கள்.

குறைக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. லேபில் தலையில் கட்டும் 'முழு உடல் பரிசோதனை' உங்களுக்குத் தேவையில்லை, மருத்துவர் எழுதிய பரிசோதனைகளை மட்டும் செய்யுங்கள். அப்புறம், எந்த நாளில் ரத்தம் கொடுப்பது என்று கேட்டுவிட்டுப் போங்கள். டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் எடுக்கச் சொல்வார்கள். ஊசி போட்ட மறுநாளே போய் ரத்தம் கொடுத்தால் எண் எக்கச்சக்கமாக வரும், திரும்ப ஒரு தடவை காசு கட்ட வேண்டியிருக்கும்.

மார்பைத் தட்டையாக்கப் போடும் பைண்டர் உள்ளாடை விலை அதிகம். கட்டுப்போடும் எலாஸ்டிக் துணியைச் சுற்றிக்கொள்ளலாமா?

கூடாது. மூச்சு விட விட அது இறுகும், விலா எலும்புக்குக் கேடு. இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா அதைவிட மேல்.

மூன்று மருத்துவமனைகளில் கீழ் அறுவைக்கு விசாரித்தேன். ஒன்றில் மட்டும் 'எல்லாம் சேர்த்து பேக்கேஜ்' என்று மற்றவற்றில் பாதி விலை சொல்கிறார்கள். முன்பணம் கட்டச் சொல்லித் தினமும் போன். கட்டலாமா?

எழுத்தில் வாங்கும்வரை ஒரு காசு கட்டாதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, ஏனென்றால் வருடக்கணக்காகச் சேர்த்த பணத்தோடு போகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். 'எல்லாம்' என்றால் எது எது? ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பில்லை வரி வரியாகப் பார்த்தேன். பேக்கேஜில் இருந்தது அறுவை நிபுணர் கட்டணம், தியேட்டர், சில நாள் அறை வாடகை. மயக்க மருத்துவர் தனி, முன்பரிசோதனைகள் தனி, சிறுநீர் வெளியேற்றும் குழாயான காதீட்டர் தனி, புது யோனி சுருங்காமலிருக்க உள்ளே வைக்கும் டைலேட்டர் செட் தனி, டிரெஸ்ஸிங் தனி. காய்ச்சல் வந்து கூடுதலாகத் தங்கிய இரண்டு நாளும் தனி. ஆள் மயக்கம் தெளிந்து படுத்திருக்கும்போது இதையெல்லாம் நீட்டினால் பேரமா பேச முடியும்?

வீடு திரும்பினாலும் முடியாது. யோனி அமைப்பு அறுவையென்றால் முதல் சில மாதங்கள் தினமும் பல தடவை டைலேட் செய்ய வேண்டும், அதற்கு ஜெல்லும் நாப்கினும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வாரமாவது வேலைக்குப் போக முடியாது, உடல் உழைப்பு வேலையென்றால் இன்னும் அதிகம். அந்தச் சம்பளமும் செலவுதான், யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆண்குறி அமைப்பு அறுவை பெரும்பாலும் ஒரே தடவையில் முடிவதில்லை. கட்டம் கட்டமாக நடக்கும், சிறுநீர்ப் பாதையில் கசிவோ அடைப்போ வருவது அபூர்வமும் அல்ல. முதல் கட்டத்துக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு பேசலாம் என்பவரிடம் உட்காராதீர்கள்.

ஆகவே கேளுங்கள்: சிக்கல் வந்து திரும்பத் தியேட்டருக்குப் போனால் யார் கட்டுவது? திருத்த அறுவைக்கு நிபுணர் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் தியேட்டருக்கும் மயக்கத்துக்கும் நாம் கட்ட வேண்டிவருமா? எத்தனை முறை திரும்பக் காட்டுவது இதில் சேரும்? நான் இன்னொரு ஊருக்குப் போய்விட்டால் அங்கே யார் பார்ப்பார்கள்? நான் தேதி குறித்துவிட்டு மனம் மாறினால் முன்பணம் திரும்ப வருமா? பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள். சொன்ன விலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது தனியாக எடுத்துவைக்காமல் தேதி குறிக்காதீர்கள். விலை குறைந்த இடம் மோசம் என்று நான் சொல்லவில்லை. எழுதித் தர மறுக்கிற இடம் மோசம்.

மார்பு அறுவைக்குக் காப்பீட்டில் 'அழகு சிகிச்சை' என்று தள்ளிவிட்டார்கள். இனி வழி இல்லையா?

இருக்கிறது, ஆனால் மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, அதைத் தவற விடாதீர்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பாலிசியில் எந்த வரியைக் காட்டி மறுத்தார்கள் என்று பாருங்கள். உங்கள் மருத்துவரிடம் இது மருத்துவத் தேவை என்று கடிதம் கேளுங்கள், திருநர் நலத்துக்கான உலக மருத்துவ நிபுணர்களின் அமைப்பான டபிள்யூபாத்தின் 2022-ஆம் வருட வழிகாட்டியை அவர் மேற்கோள் காட்டலாம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் பாலினப் பொருத்தமின்மை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்கு மாறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறுவையே விலக்கு என்று பாலிசியில் பச்சையாக எழுதியிருந்தாலும், ரத்தப் பரிசோதனையையும் மருத்துவர் கட்டணத்தையும் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள். இன்னொன்று: ஆவணத்தில் பாலினத்தை மாற்றிக்கொண்ட திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை பில்லைக் கணினியே தள்ளிவிடுவது உண்டு. அது கொள்கை மறுப்பு அல்ல, பதிவில் பொருந்தாத குளறுபடி. பேசிச் சரிசெய்ய முடியும், பயந்து கைக்காசைக் கட்டிவிடாதீர்கள்.

முகத்துக்கு லேசர் பேக்கேஜ் பத்து அமர்வுக்குத் தள்ளுபடியில் கிடைக்கிறது. எனக்கு வயது ஐம்பதுக்கு மேல், தாடி பாதி நரைத்துவிட்டது.

பத்துக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். லேசர் முடியின் கருநிறத்தைத்தான் பிடிக்கும், நரைத்த முடியை அது தொடாது. கறுப்பு முடிக்கு மட்டும் சில அமர்வுகள் லேசர், நரைக்கு ஒவ்வொரு முடி வேரையும் மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ். எலக்ட்ராலிசிஸ் மெதுவாகத்தான் நடக்கும், மணிக்கணக்கில் காசு. அதைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

அறுவைக்கு இரண்டு மனநல நிபுணர்களின் கடிதம் கேட்கிறார்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். அவசியமா?

டபிள்யூபாத் வழிகாட்டியின் 7-வது பதிப்பில் கீழ் அறுவைக்கு இரண்டு கேட்டார்கள், 8-வது பதிப்பில் ஒன்று போதும் என்றாகிவிட்டது. ஆனால் மருத்துவமனையோ காப்பீடோ உள்ளூர்ச் சட்டமோ இன்னும் இரண்டு கேட்கலாம். யாருக்கு எத்தனை வேண்டும், எவ்வளவு பழைய கடிதம் செல்லும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகு நிபுணரிடம் போங்கள். தேதி காலாவதியாகித் திரும்பக் காசு கட்டியவர்கள் உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைவிடப் பல மடங்கு விலை. எது லாபம்?

ஒரு ஊசியின் விலையை ஒப்பிடாதீர்கள், வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். மூன்று மாத ஊசியான அண்டெகனோயேட் வருடத்துக்கு நாலைந்து, இரண்டு வார ஊசியான எனந்தேட் இருபத்தைந்து பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஊசி போடும் கட்டணமும் போய்வரும் செலவும் சேரும். எனந்தேட்டை நீங்களே போட்டுக்கொள்ள நர்ஸிடம் முறையாகக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் அதுதான் மலிவு. சிரிஞ்சைப் பங்கு போடாதீர்கள்.

பணம் குறைவு, இப்போதைக்கு விரை நீக்கம் மட்டும் செய்துகொள்ளலாமா? குழந்தை பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

செய்துகொண்டால் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை தேவைப்படாது, அந்தச் செலவும் அதற்கான பொட்டாசியம் பரிசோதனையும் நிற்கும். ஆனால் ஈஸ்ட்ரோஜனை நிறுத்தக் கூடாது, எந்த ஹார்மோனும் இல்லாமல் இருந்தால் எலும்பு தேயும். பிற்பாடு யோனி அமைப்பு அறுவை எண்ணம் இருந்தால் அதை இப்போதே நிபுணரிடம் சொல்லிவிடுங்கள், விரைப்பையின் தோல் பிறகு தேவைப்படும். குழந்தை விஷயத்தில் முடிவெடுக்கவில்லை என்றால் முதல் வேலை விந்தணுவை உறையவைப்பது. அதற்கு வருடாந்திரக் கட்டணம் உண்டு, எத்தனை வருடத்துக்குக் கட்ட முடியும் என்று பாருங்கள். நீக்கிய பிறகு கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அறுவைக்குக் கந்துவட்டிக்காவது வாங்கிவிடலாம் என்று இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் காத்திருக்க முடியாது. இணையத்தில் நிதி திரட்டுவதும் யோசனையில் இருக்கிறது.

காத்திருப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கடுமையாகச் சொல்கிறேன்: கந்துவட்டி வேண்டாம். ஆறு வாரம் சம்பளமில்லாமல் படுத்திருக்கும் காலத்தில்தான் வட்டிக்காரர் வாசலில் நிற்பார். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் தவணைக்கு வழி உண்டா என்று கேளுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள். நிதி திரட்டினால் பெயர், படம், ஊர் எல்லாம் இணையத்திலேயே தங்கிவிடும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இன்னும் சொல்லாதவர் என்றால் நம்பகமான அமைப்பு ஒன்றின் வழியாகப் பெயர் இல்லாமல் கேளுங்கள். பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும்படி வைத்துக்கொண்டால் கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும். இதற்கிடையில் ஹார்மோனை விட்டுவிடாதீர்கள், அறுவைக்காக மாத்திரைக் காசைச் சேர்த்துவைக்கிறேன் என்று இந்த முறை மட்டும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.