ஏர் ஹாய்ஸ்ட் விபத்து: பழி பிட்டர் மேலா?

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 9 வருடமாக மெயின்டனன்ஸ் பிட்டராக இருக்கிறேன். 2025 ஜூனில் ஓர் ஏர் ஹாய்ஸ்டுக்கு (காற்றழுத்தத்தில் ஓடி, செயினில் பாரம் தூக்கும் கருவி) நான்தான் புதுச் செயின் மாட்டினேன். ஜூலையில் அதன் கீழ் ஹூக்கில் லாட்ச் (வாயை மூடும் தடுப்பு நாக்கு) உடைந்திருந்தது, ஹூக்கின் வாயும் விரிந்திருந்தது. லாக் புக்கில் எழுதி, செல்போனில் போட்டோவும் எடுத்தேன். "ஸ்பேர் வரட்டும், அதுவரை ஓடட்டும்" என்றார் சூப்பர்வைசர். ஆகஸ்டில் ஹூக்கிலிருந்து ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்கும் பட்டை) நழுவி, டை (கனமான உலோக அச்சு) கீழே விழுந்து, ஆபரேட்டர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. இப்போது என்னை சஸ்பெண்ட் செய்து சார்ஜ் மெமோ கொடுத்திருக்கிறார்கள். செயினைத் தவறாக மாட்டினேன், 6 மாதத்துக்கு ஒருமுறை ஹாய்ஸ்டைப் பரிசோதிக்கவில்லை என்று இரண்டு குற்றச்சாட்டு. போலீஸும் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். இதற்கிடையில், பழைய தேதி போட்ட பரிசோதனை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது சார்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கு நீங்கள் போடும் கையெழுத்து, அன்றைக்கு நீங்கள் லாக் புக்கில் எழுதிய உண்மையை அழித்துவிடும். பொய் ஆவணம் தயாரித்ததில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும். இப்படி ஒரு ரிஜிஸ்டரை நான் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு வருடக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. அதைப் போட்ட தொழிலாளிதான் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

விபத்து ஆகஸ்டில் நடந்ததால் தொழிற்சாலைகள் சட்டம், 1948தான் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அதற்கு முன் நடந்த விபத்துக்குக் கொண்டுவர முடியாது.

மெமோவில் உள்ள '6 மாதம்' அந்தச் சட்டத்தின் 28-வது பிரிவிலிருந்து வந்தது. அந்தப் பிரிவு ஹாய்ஸ்ட், லிப்ட் பற்றியது என்பதால் பெயரைப் பார்த்து எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் மேடையோ கூண்டோ இருந்து, அது வழிகாட்டித் தண்டில் ஏறி இறங்கினால்தான் 28-வது பிரிவு பொருந்தும் என்று அங்கேயே விளக்கம் இருக்கிறது. செயினில் தொங்கும் ஏர் ஹாய்ஸ்டில் கூண்டு ஏது? அதற்கு 29-வது பிரிவு: தூக்கும் இயந்திரம், செயின், ஹூக், ஷேக்கிள் (இணைப்பு வளையம்) எல்லாம் பழுதில்லாமல் இருக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற நபர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும், ரிஜிஸ்டர் வைக்க வேண்டும். 'தகுதி பெற்ற நபர்' என்றால் தலைமை ஆய்வாளரின் அங்கீகாரம் பெற்றவர். அந்த அங்கீகாரம் உங்களுக்கு இல்லை என்றால் அந்தப் பரிசோதனை உங்கள் வேலையே இல்லை. சட்டம் அதற்குப் பொறுப்பாக்குவது தொழிற்சாலையின் உடைமையாளரையும் மேலாளரையும். 92-வது பிரிவின்படி தண்டனையும் அவர்களுக்குத்தான்: 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. "நாங்கள் உரிய கவனத்தோடு இருந்தோம், உண்மையான குற்றவாளி இவர்தான்" என்று வேறொருவரைக் காட்டித் தப்பிக்க 101-வது பிரிவு அவர்களுக்கு இடம் தருகிறது. ரிஜிஸ்டரோடு உங்களைத் தேடி வருவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

அடுத்து செயின். செயினை முறுக்கோடு மாட்டினாலோ, வெல்டு பக்கத்தைத் திருப்பி மாட்டினாலோ அதன் கண்ணிகள் செயினை இழுக்கும் சக்கரத்தில் சரியாக உட்காரா. இடறும், சிக்கும், தேயும், முற்றினால் அறும். உங்கள் விபத்தில் செயின் அறவில்லை. வாய் விரிந்து, லாட்ச் இல்லாத ஹூக்கிலிருந்து ஸ்லிங் வெளியே வந்திருக்கிறது. செயின் மாட்டியதற்கும் டை விழுந்ததற்கும் என்ன தொடர்பு என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்த ஹூக்கையும் செயினையும் கழற்றி சீல் வைத்துப் பாதுகாக்கும்படி இன்றே நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நகலை மாவட்டத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சில கம்பெனி ஹூக்குகளில் வாய் அகலம் பார்ப்பதற்கென்றே இரண்டு புள்ளி குத்தியிருக்கும். அந்த இடைவெளியை வெர்னியர் அளவுகோலில் அளந்து மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும். ஹூக் ஸ்கிராப்புக்குப் போய்விட்டால் உங்கள் போட்டோ மட்டும்தான் மிச்சம். அதனால் அந்த போனை விற்காதீர்கள், படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதாது, மூலப்படம் வேண்டும்.

உங்கள் பக்கம் ஒரு பலவீனமும் இருக்கிறது. ஹூக் கெட்டிருப்பது தெரிந்தும் ஏர் லைனை மூடி 'உபயோகிக்காதே' என்று டேக் ஏன் மாட்டவில்லை என்று என்கொயரியில் கண்டிப்பாகக் கேட்பார்கள். மெஷினை நிறுத்தும் அதிகாரம் சூப்பர்வைசருக்குத்தான் என்று உங்கள் வேலை விதிமுறையில் எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கும் அந்த அதிகாரம் இருந்தது என்றால் மறைக்காதீர்கள். சூப்பர்வைசர் சொன்னதை, தேதி, ஷிப்ட், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதோடு உள்ளபடி எழுதுங்கள்.

போலீஸ் விஷயம்: எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக பாரதிய நியாய சன்ஹிதா 125(பி) பிரிவில் வழக்குப் போட்டாலும் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பயந்து தலைமறைவாக வேண்டாம். கூப்பிட்டால் வக்கீலோடு போங்கள், லாக் புக் பதிவைப் பற்றிச் சொல்லுங்கள்.

சஸ்பென்ஷனில் இருக்கும்போது பிழைப்பூதியம் உங்கள் உரிமை. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி வர வேண்டும். வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

மெமோவுக்குப் பதில் தரக் கடைசி நாள் எது என்று நீங்கள் எழுதவில்லை. அது நெருங்கிவிட்டால் அவகாசம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலேயே ஜூலை மாத லாக் புக் நகல், கடைசியாக நடந்த 12 மாதப் பரிசோதனை அறிக்கை, ஹாய்ஸ்ட் மேனுவல், ஸ்பேர் ஹூக் கேட்டுப் போட்ட இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) நான்கையும் கேளுங்கள். இன்டென்டே போடவில்லை என்றால் அது உங்களுக்குத்தான் சாதகம். பதிலை அவை கைக்கு வந்தபின் எழுதலாம்.