கேள்வி - பதில்: அக்கா போனாள், கடைக்குட்டி வந்தாள்

போன இதழில் அமெரிக்க நடிகை ஷானன் டொஹர்டி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். '2024 ஜூலையில் 53 வயதில் புற்றுநோயால் காலமானார், "சார்ம்ட்" டிவி தொடரில் மூத்த சூனியக்காரி ப்ரூவாக நடித்தவர், அவர் போன பிறகும் அந்தத் தொடர் 5 வருடம் ஓடியது' என்று மூன்று வரி எழுதினேன். அந்தக் கடைசி வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்து எழுதியிருப்பேன். சரி, இந்த வாரம் முழுக்க அதுதான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்காதவர்களுக்கு நாலு வரியில் கதை சொல்லுங்களேன்.
*வாசகர், விருதுநகர்*

சான் ஃபிரான்சிஸ்கோவில் பாட்டி விட்டுப்போன பழைய மாடி வீடு, அதில் ஹாலிவெல் குடும்பத்து அக்கா தங்கைகள் மூன்று பேர். பரணில் கிடந்த மந்திரப் புத்தகத்தை எடுத்துக் கடைக்குட்டி ஃபீபி சத்தமாக வாசித்துவிட, மூவருக்கும் சக்தி வந்துவிடுகிறது. ப்ரூ கண்ணை இடுக்கினால் சாமான் பறக்கும். நடுவில் பிறந்த பைப்பர் கையைத் தூக்கினால் எதிரில் இருப்பது அப்படியே உறைந்து நிற்கும். ஃபீபிக்கு ஒன்றைத் தொட்டால் நடக்கப்போவது தெரியும். மூவரும் சேர்ந்தால்தான் முழு பலம். சூனியக்காரி என்று எழுதும்போதே நமக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வரும், ஆனால் இவர்கள் காலையில் வேலைக்குப் போய், சாயங்காலம் ஒரு அரக்கனைப் பொசுக்கிவிட்டு, ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து காதல் கஷ்டம் பேசுகிறவர்கள். 1998 அக்டோபர் முதல் 2006 மே வரை, 8 சீசன், 178 எபிசோடு.

3-வது சீசன் நேற்றுதான் முடித்தேன். ப்ரூ இல்லாமல் மேலே பார்க்க மனசே வரவில்லை. தொடரலாமா, இதோடு நிறுத்திவிடலாமா?
*வாசகி, திருச்சி*

4-வது சீசனில் முதல் மூன்று எபிசோடையாவது பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இருந்தவர் இறங்கினால் என்ன நடக்கும்? பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து ஜன்னலுக்குப் போவார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் இன்னொரு அடி நகர்வார், நின்றுகொண்டு வந்தவருக்குக் கிடைப்பது நடைபாதைப் பக்கத்து சீட்தான். இந்தத் தொடரில் நடந்தது இதுவேதான். ப்ரூ செத்துப்போனதும் அவள் இடத்துக்கு இன்னொரு மூத்தவளைக் கூட்டிவரவில்லை. அதுவரை அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த பைப்பர், ஒரே ராத்திரியில் மூத்தவள் ஆகிவிடுகிறாள். பொறுப்பில்லாமல் திரிகிறாள் என்று திட்டு வாங்கிய ஃபீபி நடுவில் வந்துவிடுகிறாள். புதிதாக வந்த பெய்ஜ், ரோஸ் மெக்கௌவன் நடித்தது, கடைக்குட்டி. அம்மாவுக்கும் அவளுடைய காவல் தேவதைக்கும் ரகசியமாகப் பிறந்து, பிறந்த கையோடு ஒரு கன்னியாஸ்திரியிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தை. அக்காக்களுக்கே தெரியாத தங்கை.

அவள் உள்ளே வருகிற விதத்தைக் கவனியுங்கள். பைப்பர் தூங்காமல் கொள்ளாமல் பரணில் உட்கார்ந்து, செத்துப்போன அக்காவைத் திரும்ப வரவழைக்க ஒவ்வொரு மந்திரமாகச் சொல்லிப் பார்க்கிறாள். அக்கா வரவில்லை. அதில் ஒரு மந்திரம் ஊரில் எங்கேயோ இருந்த பெய்ஜை இழுத்து, ஏன் வந்தோம் என்று அவளுக்கே தெரியாமல், ப்ரூவின் இறுதிச் சடங்கில் கொண்டுவந்து நிறுத்துகிறது. துக்கம் விசாரிக்க வந்த யாரோ ஒரு பெண் என்று நினைத்து ஃபீபி கை கொடுக்கிறாள், கொடுத்த கையிலேயே அவளுக்கு வரப்போகும் ஆபத்து தெரிந்துவிடுகிறது. அக்காவைக் கேட்டவளுக்குத் தங்கை கிடைக்கிறாள், கிடைத்தவளைப் பார்த்து சந்தோஷப்படக்கூட முடியவில்லை. ஆள் மாறிவிட்டாள் என்று ரசிகர்களுக்கு இருந்த எரிச்சலை எடுத்து அப்படியே பைப்பருக்குக் கொடுத்துவிட்டார்கள் பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். நாம் பெய்ஜைப் பார்த்து 'நீ யார் இங்கே?' என்று முறைக்கும்போது நமக்கு முன்னாலேயே பைப்பர் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது எபிசோடில் அந்தக் கோபம் முற்றிப்போய் பைப்பர் ஒரு ராட்சசியாகவே மாறிவிடுகிறாள். அவளை மீட்க வழி தெரியாமல் கடைசியில் ப்ரூவின் கல்லறைக்கு முன் நிறுத்தி அழவைக்கிறார்கள். என்னை விட்டுவிட்டு நீ எப்படிப் போகலாம் என்று கல்லைப் பார்த்துக் கத்துகிறாள். மந்திரமும் கிடையாது, கிராஃபிக்ஸும் கிடையாது. பைப்பராக நடித்த ஹாலி மேரி கோம்ப்ஸ் 8 வருடத்தில் அதைவிட நன்றாக நடித்த காட்சி எனக்கு நினைவில்லை.

நம் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று ஒரு கார்டு போட்டால் வேலை முடிந்தது. இவர்கள் ஏன் ப்ரூவாகவே வேறொரு நடிகையை நடிக்க வைக்கவில்லை?
*வாசகர், சேலம்*

ஒரு தடவை அதையும் செய்தார்கள், உங்கள் கண்ணில் படாமல். முதலில் எடுத்த மாதிரி எபிசோடில் ஃபீபியாக நடித்தவர் லோரி ராம். அவர் விலகிக்கொள்ள, அலிஸா மிலானோவைக் கொண்டுவந்து அவர் பகுதியை மறுபடி எடுத்தார்கள். ஒளிபரப்புக்கு முன்னாலேயே நடந்ததால் கார்டுகூடத் தேவைப்படவில்லை.

ஆனால் 66 எபிசோடு ஒரு முகத்தைப் பார்த்த பிறகு? நம் ஊர் மெகா தொடர் தினமும் வருகிறது, புது முகம் இரண்டு வாரத்தில் பழகிவிடும், மாமியார் கொடுமை நடுவில் நமக்கும் யோசிக்க நேரமில்லை. வாரத்துக்கு ஒன்று, அதுவும் கோடையில் சில மாதம் இடைவெளி என்று போகிற தொடரில் அது நடக்காது. தவிர இதைத் தயாரித்த ஆரன் ஸ்பெல்லிங் நிறுவனத்துக்கு முன்அனுபவமும் உண்டு. இதே டொஹர்டி 1994-இல் 'பெவர்லி ஹில்ஸ் 90210' தொடரை விட்டுப் போனபோது, அவருடைய பாத்திரத்தை லண்டனுக்குப் படிக்க அனுப்பிவிட்டு வேலரி என்று ஒரு புதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். லண்டனுக்குப் போனவள் திரும்பி வரலாம். ப்ரூவுக்கு அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

டொஹர்டி தானாகப் போனாரா, துரத்திவிட்டார்களா? மிலானோவோடு சண்டை என்கிறார்களே?
*வாசகி, கோவை*

படப்பிடிப்பில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்தது. 2001-இல் விலகினார் என்றுதான் செய்தி வந்தது. 2023 கடைசியில் டொஹர்டி தன்னுடைய பாட்காஸ்டில், தன்னை நீக்கிவிட்டார்கள் என்றே சொன்னார். அதில் கலந்துகொண்ட கோம்ப்ஸும் அவர் பக்கம்தான் பேசினார். யாரையும் நீக்கச் சொல்கிற அதிகாரம் எனக்கு இருந்ததே இல்லை என்று மிலானோ மறுத்தார். மூன்று பேரில் ஒருவர் இப்போது இல்லை. இதற்கு மேல் நாம் பஞ்சாயத்து பண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை.

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் படுவது வேறொன்று. 2001 மே மாதம் வந்த அந்த 3-வது சீசன் கடைசி எபிசோடு, ப்ரூ சாகிற எபிசோடு, இயக்கியது யார் தெரியுமா? டொஹர்டியேதான். கேமராவுக்குப் பின்னால் நின்று தன் கடைசி எபிசோடைத் தானே எடுத்திருக்கிறார்.

பெய்ஜின் சக்தியும் ப்ரூவின் சக்தியும் ஒன்றா, வேறா? என் தம்பியோடு தினமும் தகராறு.
*வாசகர், நாகர்கோவில்*

இரண்டு பேரும் ஜெயித்தீர்கள். ப்ரூ பார்வையால் தள்ளுவாள், பிறகு பிறகு கையை வீசித் தள்ளுவாள். பெய்ஜ் 'விளக்கு!' என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், விளக்கு நீல வெளிச்சப் பொடியாகக் கரைந்து அவள் கையில் வந்து சேரும். அந்த வெளிச்சம் காவல் தேவதையான அப்பா வழி வந்தது. சண்டைக் காட்சியில் கத்தியைப் பிடுங்குவது, எதிரியைத் தூக்கியடிப்பது எல்லாம் முன்பு மாதிரியே நடக்க வேண்டுமே, அதற்காகப் பழைய வேலையைப் புது ஆளின் ரத்தத்தில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டால்தான் வரும் என்பதால் பெய்ஜ் சில சமயம் அவசரத்தில் உளறுவதும் உண்டு, அது அவளுக்கு அழகாகவே இருந்தது.

எல்லாப் பெயரும் ஏன் 'பி'யில் ஆரம்பிக்கிறது?
*வாசகி, காரைக்குடி*

குடும்ப வழக்கம். தாய் பேட்டி, பாட்டி பெனிலோப்பி, குழந்தையை விட்டுப் போகும்போதும் பெயர் அந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் அம்மா கேட்டுக்கொள்கிறாள். இதில் வசதி, மூவர் பெயரையும் சேர்த்து பைப்பர் வைத்திருந்த 'பி3' கிளப்பின் போர்டைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தமிழில் எழுதினால் ஃபீபி மட்டும் கூட்டத்தில் சேராமல் தனியாக நிற்கிறாள், அது நம் எழுத்தின் குற்றமில்லை.

மகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். போனால் அந்த வீட்டைப் பார்க்க முடியுமா?
*வாசகர், கும்பகோணம்*

சான் ஃபிரான்சிஸ்கோவில் தேடாதீர்கள். வெளியே காட்டுகிற வீடு லாஸ் ஏஞ்சலிஸில், ஏஞ்சலினோ ஹைட்ஸ் பகுதியில், கேரல் அவென்யூவில் இருக்கிறது. உள்ளே காட்டியதெல்லாம் செட். மகளிடம் சொல்லி ஒரு நாள் காரில் அழைத்துப்போகச் சொல்லுங்கள், ஆறு மணி நேரமாவது ஆகும். தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், அது யாரோ குடியிருக்கிற வீடு.

8-வது சீசனில் வந்த பில்லி?
*வாசகர், ஈரோடு*

ஒற்றை வார்த்தைக் கேள்வி, பதிலும் சின்னதுதான். கேலி குவோகோ பிறகு 'பிக் பேங் தியரி'யில் எவ்வளவு நன்றாக நடித்தார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் குறை அவரிடம் இல்லை. அந்த வருடம் பட்ஜெட்டை வெட்டினார்கள், போலீஸ்கார நண்பன் டாரில் காணாமல் போனான், பைப்பரின் கணவன் லியோ பாதி சீசனுக்கு இல்லை. வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, விருந்தாளியை நடுக்கூடத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? பெய்ஜ் வரும்போது எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள் என்றேனே, பில்லிக்கு யாரும் நகரவில்லை, அவள் நடைபாதையில் நின்றபடியே கடைசி ஸ்டாப் வரை வந்தாள்.

புது 'சார்ம்ட்' பார்த்தீர்களா?
*வாசகி, மதுரை*

2018-இல் தொடங்கி 2022-இல் முடிந்த மறுஆக்கம்தானே. கொஞ்சம் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், அதிலும் மூத்தவள் மேஸியாக வந்த மேடலின் மான்டாக் 3-வது சீசன் முடிவில் விலகினார், மேஸி செத்துப்போனாள், 4-வது சீசனில் ஒரு புதுத் தங்கை வந்தாள். அச்சு அசலாக. ஆனால் அந்த 4-வது சீசனோடு கடையைச் சாத்திவிட்டார்கள். இங்கே பெய்ஜ் வந்த பிறகு 112 எபிசோடு ஓடியிருக்கிறது, ப்ரூ இருந்ததைவிட 46 அதிகம்.

உங்களுக்குச் சூனியத்தில் நம்பிக்கை உண்டா?
*பெயர் போட விரும்பாத வாசகர், ராமநாதபுரம்*

பெயரைப் போட பயந்தது நீங்கள், என்னைக் கேட்கிறீர்கள்.

ப்ரூ இறந்த பிறகு அவள் முகத்தையே காட்டவில்லையே. கடைசி எபிசோடில்கூட அம்மாவும் பாட்டியும் வந்தார்கள், அவள் வரவில்லை. 20 வருடமாக எனக்கு இது ஆறவில்லை.
*வாசகி, புதுச்சேரி*

எனக்கும்தான். பெயரைச் சொல்லுவார்கள், அழுவார்கள், ஆனால் முகம் வராது. செத்தவர்களின் ஆவி சர்வசாதாரணமாகக் கூடத்தில் வந்து நின்று பேசுகிற வீட்டில், அவள் ஒருத்தி மட்டும் வராதது குறையாகத்தான் தெரிகிறது.

ஆனால் நேரம் கிடைத்தால் இரண்டு எபிசோடையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 1998 முதல் எபிசோடின் முடிவில் சகோதரிகள் வீட்டுக்குள் நுழைவார்கள், வாசல் கதவு திறந்தே கிடக்கும், ப்ரூ தொடாமலேயே அதைச் சாத்துவாள். 2006 கடைசி எபிசோடின் முடிவில் பைப்பர் கிழவியாகிவிட்டாள், தலை நரைத்த லியோ பக்கத்தில், பேத்தி கூடவே. எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்கள், வாசல் கதவு மறுபடி திறந்தே கிடக்கிறது. அந்தப் பேத்தி தொடாமலேயே சாத்துகிறாள்.