எரிந்துபோன முதல் கதை

கேள்வி: எனக்கு 26 வயது. விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருக்கிறேன். நான் முதன்முதலாக எழுதிய குறும்படம் எடிட்டிங்கில் இருந்தபோது ஹார்டு டிஸ்க் பழுதாகி எல்லாம் போய்விட்டது. யாரிடமும் காட்ட இப்போது கையில் ஒன்றும் இல்லை. 'சினிமாவெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்கிறார் அம்மா. திரைக்கதை ஆசையை விட்டுவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடாதீர்கள், அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஹாலிவுட்டின் பெண் திரைக்கதை எழுத்தாளர் ஃபிரான்சிஸ் மரியன் நினைவுதான் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அவரும் போஸ்டர் வரைந்து பிழைத்தவர்தான். இயக்குநர் லோயிஸ் வெபரிடம் சேர்ந்து தொழில் கற்றார். நடிகை மேரி பிக்ஃபோர்டுக்காக அவர் எழுதிய 'தி ஃபவுண்ட்லிங்' திரைக்கு வரும் முன்பே, 1915 செப்டம்பரில் நியூயார்க் ஸ்டுடியோ தீப்பிடித்து நெகடிவ் சாம்பலானது. அப்போது அவருக்கும் வயது 26.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன் என்று சொல்லி வேர்ல்ட் ஃபிலிம் கம்பெனிக்குள் நுழைந்தார். புதுக் கதையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. விலைபோகாது என்று முதலாளி வில்லியம் பிராடி ஒதுக்கி வைத்திருந்த படங்களைப் போட்டுப் பார்த்தார். அதில் ஒன்று முதலாளியின் மகள் ஆலிஸ் பிராடி நடித்த அழுகைப் படம். எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் புதிதாக எழுதிச் சேர்த்தார். அழுகைப் படம் சிரிப்புப் படமாகிவிட்டது, விற்றும் போனது! வாரம் 200 டாலர் சம்பளத்தில் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார் பிராடி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் என்ற கெடு அவரே வைத்தது. நீங்களும் கெடு வைக்காமல் யாருக்கும் சும்மா உழைக்காதீர்கள்.

அது ஊமைப்பட காலம். பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும். பேசும்படம் வந்த பிறகும் மரியன் அப்படித்தான் எழுதினார். 'தி பிக் ஹவுஸ்' படத்துக்காக சான் குவென்டின் சிறைக்கே போய்ப் பார்த்தார். குடித்துவிட்டுக் கார் ஓட்டி உயிரைப் பறித்த இளைஞன் ஒருவன் உள்ளே வருவதுதான் தொடக்கம். அளவெடுக்கிறார்கள். கைதி உடை தருகிறார்கள். பெயர் போய் எண் வருகிறது: 48642. அவன் மிரண்டு போயிருக்கிறான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, பார்க்கிற நமக்கே வயிற்றைக் கலக்குகிறது. 1930-ல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. எழுத்துக்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர். அதற்கு இரண்டே ஆண்டுக்கு முன், 1928 கிறிஸ்துமஸ் அன்று, கணவர் ஃபிரெட் தாம்சன் டெட்டனஸில் இறந்துபோனார். கையில் இரண்டு சிறு பிள்ளைகள். 'தி சாம்ப்' கதைக்கு அடுத்த ஆஸ்கரும் வந்தது.

வேலையை விட வேண்டாம். மாலையில் தெரிந்த எடிட்டர் யாரிடமாவது போய் உட்காருங்கள். வெட்டிப் போடும் காட்சிகளை ஏன் வெட்டினார்கள் என்று கேளுங்கள். 'தி ஃபவுண்ட்லிங்' படத்தையே மறுபடி எடுத்து 1916-ல் வெளியிட்டார்கள். உங்கள் கதையும் டிஸ்க்கில்தான் போயிற்று, தலையில் இருக்கிறதே! முதல் காட்சியை ஒரு வரி வசனமும் இல்லாமல் எட்டுப் படங்களாக வரையுங்கள். அம்மாவிடம் கொடுத்து, என்ன நடக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். எந்தப் படத்தில் தடுமாறுகிறாரோ, அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.