சிறு எண்ணெய் வயலுக்குத் தனிக் கப்பல் தேவையா?

வணக்கம். இயங்கிவரும் மிதவை உற்பத்திக் கப்பலுக்கு (கடலில் நின்றபடியே எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் கப்பல்) 15 கிலோமீட்டர் தள்ளி, ஆயிரம் மீட்டர் ஆழத்திலுள்ள சிறு வயலுக்குத் தனிக் கப்பல் கட்டுப்படியாகுமா என்று உங்கள் திட்ட அறிக்கைக்காகக் கேட்டிருந்தீர்கள். ஆகாது என்பதே என் கருத்து. கடலடிக் குழாயால் பழைய கப்பலோடு இணைப்பதை முதலில் ஆராயுங்கள். அங்கோலாவின் 17ஆம் தொகுதி எனும் கடல் எண்ணெய்ப் பகுதியில், சுமார் 6.5 கோடி பீப்பாய் கொண்ட ஸினியா வயலின் இரண்டாம் கட்டம், 2011 முதல் இயங்கும் பாஸ்ஃப்ளோர் கப்பலோடு இவ்வாறே இணைக்கப்பட்டு 2021இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் தூரத்தைவிடக் குளிரே பெரிய சிக்கல்: அந்த ஆழத்தில் நீர் ஏறக்குறைய 4 பாகை செல்சியஸ்தான் என்பதால், உற்பத்தியை நிறுத்திய சில மணி நேரத்திலேயே குழாயினுள் வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக இறுகி வழியை அடைத்துவிடக்கூடும். ஆகவே வெப்பக்காப்பு, மின்சூடேற்றம், ஹைட்ரேட் உருவாவதைத் தடுக்கும் மெத்தனாலைச் செலுத்தும் குழாய் ஆகியவற்றின் செலவோடு, பழைய கப்பலில் உங்கள் எண்ணெயையும் ஏற்க எந்த ஆண்டில் கொள்ளளவு மிஞ்சும் என்பதையும் அவசியம் கேட்டறியுங்கள். உங்கள் வயலின் தொடக்க ஆண்டை அதுவே தீர்மானிக்கும்.