கீழே சொட்டும் ஆயிலுக்கு மேலே பார்க்கணும்

தம்பி, இந்த நாட்டுக்கு வந்த நாலாவது மாதத்திலேயே 15 வயசான கார் வாங்கியதில் தப்பே இல்லை. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். பார்க்கிங்கில் கறுப்புக் கறை விழுகிறது, வீட்டுக்காரர் கடிதம் போட்டுவிட்டார், ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் கிராங்கின் (இன்ஜினுக்குள் சுழலும் தண்டின்) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று காரின் விலைக்கு மேலே கூலி சொல்கிறார்கள், வண்டியைத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ள வேண்டாம். முதலில் இன்ஜினைக் கழுவுங்கள்.

எனக்கும் இதே கதை நடந்தது. இங்கே வந்த முதல் குளிர்காலம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், சரியாக அடியில், ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். பார்த்த மெக்கானிக் இரண்டு நிமிடம் டார்ச் அடித்துவிட்டு அதே சீலைத்தான் சொன்னார். அந்த சீல் மலிவுதான். ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அது ஒரு நாள் வேலை. நம் ஊர் மாதிரி வேலைக்கு இவ்வளவு என்று பேசி முடிக்க முடியாது, இங்கே மணிக்கணக்கில் கூலி. கையில் காசில்லாததால் தள்ளிப்போட்டேன். அந்தக் காசில்லாமைதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு சனிக்கிழமை சும்மா இருக்க முடியாமல் செல்போனை வீடியோவில் போட்டு, இன்ஜினுக்கும் கேபின் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் கையை நுழைத்துப் படம் பிடித்தேன். டேப்பட் கவரின், அதாவது இன்ஜினின் மேல் மூடியின், பின் விளிம்பு முழுக்க ஈரம். அங்கிருந்து ஆயில் இன்ஜினின் முதுகு வழியாகவே வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வந்து நின்று சொட்டியிருக்கிறது. கண்ணுக்கு அது பின்பக்க சீல் கசிவு மாதிரியேதான் தெரியும். அந்த மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பர் கேஸ்கட் ஒன்று வாங்கி, ஒரு மத்தியானத்தில் நானே மாற்றினேன்.

ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. அது கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தெரிகிற இடங்களில் எது உயரமோ, எது முன்னால் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும்.

அதற்கு முன்னால், சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். ராத்திரி ஒரு வெள்ளை அட்டையைக் காருக்கு அடியில் விரித்து, முன் சக்கரம் இருக்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் பழுப்போ கறுப்போ வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேடிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சை, ரோஸ் நிறத்தில் இனிப்பு வாடையோடு இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், விட்டுவிடலாம்.

சரி, ஆயில்தான் என்று தெரிந்துவிட்டதா? எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டீகிரீசர் ஸ்ப்ரே வாங்கி, இன்ஜின் ஆறியிருக்கும்போது அடித்து, பிரஷ் போட்டுத் துடைத்து எடுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் கனெக்டர்கள், காற்று இழுக்கும் குழாய் இவற்றின் மேல் பாலித்தீன் பை கட்டிவிடுங்கள்; பிரஷர் வாட்டர் வேண்டாம். அப்புறம் ஒரு 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமான உலோகத்தில் புது ஈரம் பளிச்சென்று தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால், ஆயிலோடு கலக்கும் யூவி சாயம் ஒன்று விற்கிறார்கள். ஊற்றி இரண்டு நாள் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிந்த பாதை மஞ்சள் பச்சையாக ஒளிரும். எனக்கு முதல் தடவையே இது தெரிந்திருந்தால் அந்தச் சந்தில் கையைக் கீறிக்கொண்டிருக்க மாட்டேன்.

பழைய வண்டிகளில் அதிகம் கசிவது டேப்பட் கவர் கேஸ்கட்தான். பல வருடச் சூட்டில் ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். ஹீட்டர் போட்டதும் கருகிய வாடை வந்தால், ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுகிறது என்று அர்த்தம். அடுத்து பார்க்க வேண்டியவை ஆயில் ஃபில்டர், ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர். ஆயில் மாற்றிய மறுநாளே கசிகிறது என்றால் இங்கேதான் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டிவிடுவது நிறைய நடக்கும்.

கேஸ்கட் வாங்குவதற்கு முன் இன்னொன்று: பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுத்துவிடுகிற சின்னச் சமாச்சாரம். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே சீல் பலவீனமோ அங்கே ஆயிலைப் பிதுக்கும். பெட்ரோல் வண்டி என்றால், ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஒரு காகிதத்தை அந்த வாயில் வைத்துப் பாருங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. ஊதித் தள்ளினால் வால்வையும் அதன் குழாயையும் முதலில் பாருங்கள். இதைச் செய்யாமல் கேஸ்கட் மாற்றினால் மறுபடி கசியும்.

டேப்பட் கவர் கேஸ்கட் மாற்றும்போது எல்லோரும் செய்யும் தப்பு, போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவோம் என்பது. பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு) ஒட்டித்தான் கேட்கும். உங்கள் வண்டிக்கான கணக்கைப் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக இறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் கேஸ்கட் பிதுங்கும், அலுமினியத்தில் மரை போய்விடும். சிலிக்கான் சீலன்ட் மேனுவல் சொல்கிற மூலைகளில் மட்டும், அதுவும் துளியளவு. அள்ளி அப்பினால் உள்ளே உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். அது இன்ஜினையே தின்றுவிடும். சீலன்ட் நன்றாக இறுகட்டும், அதற்குள் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கசிவு டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) பக்கமாக இருந்தால் மட்டும் நீங்களே கை வைக்காமல் காசு கொடுத்துச் செய்யுங்கள். ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் கெட்டுப்போகும், அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். சீலையும் பெல்ட்டையும் ஒரே கூலியில் மாற்றிவிடலாம். ஒருவேளை பின்பக்க சீல்தான் என்றே உறுதியானாலும், மானுவல் கியர் வண்டி என்றால், கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றும் நாள் வரை காத்திருக்கலாம். ஆனால் ஆயில் பட்டு கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டால் காத்திருக்கக் கூடாது.

அதுவரை வாரம் ஒரு தடவை சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பல கார்களில் சுமார் ஒரு லிட்டர். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடியில் புகுந்து பார்ப்பதென்றால் ஜாக்கியை நம்பிப் போகாதீர்கள், காரைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்தபிறகுதான்.

வீட்டுக்காரரின் கறைக்கு, பூனை வளர்ப்பவர்கள் தட்டில் போடும் களிமண் குருணை ஒரு பை வாங்குங்கள். கறை மேல் கொட்டி, செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் கூட்டி எடுங்கள். ஆயில் ஊறிய குருணையைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதையும் பழைய ஆயில் வாங்கும் இடத்திலேயே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் அடுத்த கடிதத்தை அதற்காகப் போடுவார்.