பின் விளக்கு எரிகிறது, கன்சோலில் மட்டும் இருட்டு

உங்கள் 1969 செவர்லே கொர்வெட் காரில் இடது பின் விளக்கு எரிகிறது, ஆனால் கன்சோலில் (முன் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பலகை) அது எரிவதைக் காட்டும் சிறு காட்டி மட்டும் இருண்டிருக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபியூஸ், வயரிங் இரண்டையும் விட்டுவிடுங்கள். இந்தக் காரின் கன்சோல் விளக்குக் காட்டிக்கு மின்சாரமே போவதில்லை. விளக்குக் கூட்டிலிருந்து கிளம்பும் பிளாஸ்டிக் ஒளியிழைதான் பல்பின் வெளிச்சத்தைக் கன்சோல்வரை கொண்டுவருகிறது. இடது பின் விளக்கு எரிந்தும் அதன் காட்டி இருண்டிருந்தால், கோளாறு இழைப் பாதையில்தான்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது விளக்குப் பக்கத்து முனை. ஒன்று கழன்றிருக்கும், அல்லது அழுக்கேறியிருக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வண்டி என்கிறீர்கள். அந்தப் புழுதி மழை ஈரத்தோடு சேர்ந்து முனையில் அப்பிக்கொள்ளும்.

இருட்டியபின் பாருங்கள்:

1. விளக்குப் பக்கத்து முனையை மெதுவாக வெளியே எடுத்து, அதில் டார்ச் அடியுங்கள். இன்னொருவர் கன்சோலைப் பார்க்கட்டும்.
2. வெளிச்சம் வந்தால் இழை நல்லது. முனையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பல்பை நோக்கி முழுதாகச் செருகுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.
3. வராவிட்டால் கன்சோல் முனை கழன்றிருக்கிறதா பாருங்கள். முனை மஞ்சளித்திருந்தால் புது பிளேடால் 2 மில்லிமீட்டர் நேராக வெட்டுங்கள். கட்டர் நசுக்கிவிடும், நசுங்கிய முனையில் ஒளி சிதறும்.

அண்மையில் எல்இடி பல்பு மாற்றினீர்களா? சிலவற்றின் ஒளி முன்னால் மட்டுமே பாயும், இழைக்கு எட்டாது. பழைய பல்பைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒன்று கவனம்: இத்தனை வயதான இழை நொறுங்கும். கம்பளத்துக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். நடுவில் உடைந்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் ஒளி குறையும். முழு இழையையும் மாற்றுவதே நல்லது.