பாலில்லாத காலை உணவு: வாசகர் கேள்விகள்

என் ஆறு வயது மகனுக்குப் பால் குடித்தாலே வயிறு உப்பி, பேதியாகிறது. காலையில் பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும்தான் பழக்கம். இனி என்ன கொடுக்கலாம்?

முதலில் மருத்துவரிடம் காட்டி, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை செரிக்கவில்லையா, பால் புரத அலர்ஜியா என்று தெரிந்துகொள்ளுங்கள். லாக்டோஸ் சிக்கல் உள்ள பலருக்குக் கொஞ்சம் தயிர் ஒத்துக்கொள்ளும். அலர்ஜி என்றால் சொட்டு மோர்கூட ஆகாது.

காலைக்கு இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு இருக்க என்ன கவலை? எதிலும் பால் இல்லையே. பாலோடு போகும் கால்சியத்தைத்தான் ஈடுகட்ட வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம், பசும்பாலில் ஏறக்குறைய 120. இதைப் பார்த்து மூன்று மடங்கு என்று துள்ள வேண்டாம். இரண்டு தோசைக்கு 60 கிராம் மாவு போனால் 200 மி.கி. தேறும், ஒரு டம்ளர் பாலைவிடச் சற்றுக் குறைவு. அதிலும் முழுவதும் உடம்பில் சேராது, தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் தடுக்கும். முளைகட்டி அரைத்தாலும், உளுந்தோடு புளிக்க வைத்தாலும் அந்தத் தடை குறையும். தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி. உளுந்தைத் தாராளமாகப் போடுங்கள், புரதத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் போதுமா?

ஆப்பத்துக்கு அமிர்தம், சத்துக்கு ஆகாது. கொழுப்புதான் அதிகம். புரதத்தில் பாலுக்குப் பக்கத்தில் வருவது சோயா பால். சர்க்கரை சேர்க்காத, கால்சியம் சேர்த்த பாக்கெட்டாக வாங்குங்கள். கால்சியம் அடியில் தங்கும், குலுக்கி ஊற்றுங்கள். சோயாவும் சிலருக்கு அலர்ஜி தரும், கவனம்.

பாலை நிறுத்தியும் தொல்லை தீரவில்லையே?

பிரெட், பிஸ்கட், சத்துமாவு பானப் பொடி பாக்கெட்டுகளைத் திருப்பிப் படியுங்கள். பால் பவுடர், வே (whey, பால் திரிந்ததும் பிரியும் நீர்) என்று இருந்தால் அதுவும் பால்தான். ரவா தோசையில் பாலே கிடையாது என்று ஒரு விருந்தாளிக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன்; கரைக்கும்போது புளித்த மோர் ஊற்றியது பிறகுதான் நினைவுக்கு வந்தது!

சுத்த சைவக் குடும்பம். பாலும் இல்லையென்றால்?

வைட்டமின் பி12 தான் பிரச்சினை. கீரையிலும் பருப்பிலும் கிடைக்காது. ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்னால் மாத்திரை எடுங்கள். முட்டை சாப்பிடுவோர் சாப்பிடலாம், அது பால் பொருள் அல்ல.

அப்பாவுக்குக் காபி இல்லாமல் விடியாது!

சோயா பாலில் கொதிக்கும் டிகாக்ஷனை ஊற்றினால் திரிந்துவிடும். டிகாக்ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, சூடான சோயா பாலை மெல்ல ஊற்றுங்கள். பிடிக்காவிட்டால் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி.